ஒரு பக்கம் தேய்ந்த கொண்டி

தப்பு செய்யாதவளுக்கு ஏன் தப்பு செய்தவளின் நடை வருகிறது? படியில் சுவரை ஒட்டி ஏறுகிறேன். எதிரில் யாராவது வந்தால் பையை மார்போடு அணைத்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால், நான்தான் அதை உடைத்தேன் என்று எனக்கே ஞாபகம் வந்துவிடும் போலிருக்கிறது.

இந்த நினைப்போடுதான் அவள் மாடி வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தவர் ஒருவர். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர் இன்னொருவர். திறந்தவர் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த கடை, மோதிய வண்டி, வெடித்த குழாய் என்று உடைந்தவற்றைப் பார்த்தே காலம் கழித்த அம்மாள். ஓய்வுக்குப் பிறகும் எதையாவது உடைந்ததைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். எட்டிப் பார்த்தவர் எதிர் வீட்டுச் சம்பந்தியம்மாள். மதிப்பீட்டாளரின் மகளை மருமகளாக எடுத்தவர். மணி அடித்தால் மதிப்பீட்டாளரோடு அவரும் வந்து நிற்பார்.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க, அப்புறம் சொல்லுங்க," என்றார் மதிப்பீட்டாளர்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று சம்பந்தியம்மாள் ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டு சாமான் செய்யற கம்பெனி. அதுல புதுப் பொருள் உருவாக்கற பிரிவை நான் பாத்துக்கறேன்."

"நீங்களே செய்வீங்களா?"

"இல்லைங்க. வரையறது ஒருத்தர், சோதிச்சுப் பாக்கறது ஒருத்தர், விக்கிறது ஒருத்தர். அவங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்காம பாத்துக்கணும்." அவள் லேசாகச் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "எங்க அம்மாவும் இதையேதான் கேக்கறாங்க. ஒரு பொருள் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே, அது மேல யாருக்கெல்லாம் கோவம் வரும்னு யோசிக்கிறது. அதான் என் வேலை."

"அட, மருமக வர்றதுக்கு முன்னாடி நானும் அதைத்தானே செஞ்சேன்!"

"எம் பொண்ணு விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம் சம்பந்தி," என்றார் மதிப்பீட்டாளர் அமைதியாக. "நீங்க சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். புது மின்சாரக் கெட்டில் ஒன்று. கைப்பிடியின் மேலே ஒரு கொண்டி. கட்டை விரலால் அழுத்தினால் மூடி திறக்கும், விட்டால் பூட்டிக்கொள்ளும். சாய்த்து ஊற்றும்போது மூடி திறக்கவே திறக்காது என்பதுதான் அதன் பெருமை. போன வாரம் வியாபாரிகளை அழைத்துக் காட்டினார்கள். விற்பனைக்காரர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மூடி திறந்து, கொதிக்கிற நீர் மேஜை முழுக்கக் கொட்டியது. ஒருவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டதால் தப்பினார்.

"யாரோ வேணும்னே கொண்டியை அரத்தால ராவி வெச்சிருக்காங்கன்னு முதலாளி சொல்றார். சோதனை அறைச் சாவி என்கிட்டதான் இருக்கு. அதோட..." அவள் குரல் இறங்கியது. "வேற கம்பெனிக்கு நான் நேர்காணலுக்குப் போனது அவருக்குத் தெரிஞ்சுடுச்சு. அவங்களுக்காக இதைக் கெடுத்தேன்னு நினைக்கிறார். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள நானா வேலையை விட்டுப் போயிடணுமாம். இல்லைன்னா போலீசாம். அப்படிப் போனா, இந்தத் தொழில்ல வேற யாரும் என்னைக் கிட்ட சேத்துக்க மாட்டாங்க."

துணியில் சுற்றி வைத்திருந்த கொண்டியை எடுத்து நீட்டினாள். மதிப்பீட்டாளர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"ராவினா கோடு விழும். இது வழவழன்னு இருக்கு. அதுவும் ஒரு பக்கம்தான். சில பேருக்குச் செருப்புக் குதிகால் ஒரு பக்கமா தேயும் பாருங்க, அது மாதிரி."

"அப்போ மெதுவா ராவியிருக்காங்க," என்றார் சம்பந்தியம்மாள், தீர்ப்பே கொடுத்தது போல.

மதிப்பீட்டாளர் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்த நேர்காணல்ல என்ன கேட்டாங்க?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "இந்த வேலைக்கு எது முக்கியமான திறமைன்னு கேட்டாங்க. எல்லாரையும் அனுசரிச்சுப் போறதுன்னு சொன்னேன்."

"உங்களுக்கே பிடிச்ச பதிலா அது?"

அன்று திரும்பி வரும்போது, கடன் வாங்கிய புடவையைக் கட்டிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பதுபோல உடம்பு கூசியது நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் அந்தப் பதில்தான் என்பது இப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை மூவரும் கம்பெனிக்குப் போனார்கள். முதலாளி கனத்த உடம்புக்காரர். குரல் மட்டும் கரகரத்துத் தேய்ந்திருந்தது. விலைப்பட்டியலில் எதையோ திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். இடது உள்ளங்கையின் ஓரத்தில் நீல மை அப்பியிருந்தது. எதிரே நாற்காலியில் அமரும்போது, மேஜை மேல் கிடந்த பெரிய சாவிக்கொத்தைச் சம்பந்தியம்மாள் முழங்கையால் தட்டிவிட்டார்.

"கேன்டீன்ல அடுப்பு ரெண்டு நாளா ரிப்பேர். வந்தவங்களுக்கு ஒரு டீ கூடக் கொடுக்க முடியலை," என்று முதலாளி வருத்தப்பட்டார். "எனக்குத் தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் டீயும் கிடையாது, காபியும் கிடையாது. வெந்நீர்தான்." ஆவி பறக்கும் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "பாருங்கம்மா, இந்தப் பொண்ணை நான் எவ்வளவோ நம்பினேன். என் ஆளுங்கள்ல அந்த அறைச் சாவி இவகிட்ட மட்டும்தான் இருக்கு. வேற யாரைச் சந்தேகப்படச் சொல்றீங்க?"

அவளுக்கு முகம் சுட்டது. மதிப்பீட்டாளர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோதனை அறை பக்கத்திலேயே இருந்தது. மேஜை மேல் ஓர் எந்திர விரல் வேறொரு கொண்டியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது. டொக், டொக் என்ற சத்தம் நிற்கவே இல்லை. சோதனையாளர் கையுறையைக் கழற்றிவிட்டு வணங்கினார்.

"மாசக்கணக்கா அழுத்திப் பாத்தாச்சு மேடம். ஒண்ணும் ஆகலை. இது நேரா அழுத்தும், நேரா விடும். மனுஷனுக்குத்தான் சலிப்பு, இதுக்குக் கிடையாது."

"கெட்டில்ல எந்தத் தண்ணி ஊத்துவீங்க?"

"சுத்திகரிச்ச தண்ணி மட்டும்தான். குழாய்த் தண்ணி ஒரு சொட்டு கூட உள்ள விடமாட்டேன். உப்பு படிஞ்சா சோதனையே தப்பாயிடும்."

மதிப்பீட்டாளர் மேஜை ஓரத்தில் இருந்த உடைந்த கெட்டிலின் உட்புறத்தைச் சாய்த்துக் காட்டினார். அடியில் வெள்ளையாக ஒரு வளையம்.

"சத்தியமா இது நான் இல்லை மேடம்!"

சம்பந்தியம்மாள் மதிப்பீட்டாளரின் விலாவில் இடித்தார். இடித்த கை இறங்குவதற்குள் தாடி வைத்த வடிவமைப்பாளர் உள்ளே வந்தார். "கொண்டி வேணாம், பொத்தான் வைக்கலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இவங்க கேக்கலை. இப்ப என்னாச்சு?" என்றார் வந்த வேகத்தில். சம்பந்தியம்மாள் இரண்டாவது தடவை இடித்தார்.

"சம்பந்தி, எனக்கு இருக்கறது ரெண்டு விலாதான்," என்றார் மதிப்பீட்டாளர். "இந்த மாதிரி கெட்டில் இன்னொண்ணு இருக்கா?"

அலமாரியில் ஒன்று இருந்தது. வியாபாரிகள் வந்து போன நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை என்றார் சோதனையாளர். மதிப்பீட்டாளர் அதன் அடியில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் எடுக்காமலே வைத்திருந்தார். பிறகு மூடியைத் திறந்து, கொண்டியை உருப்பெருக்கியில் பார்த்தார்.

"இதுல பச்சைத் தண்ணி பிடிச்சுக் கொண்டு வாங்க. முதலாளியையும் கூப்பிடுங்க. எனக்குத் தாகமா இருக்கு. ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்திக் கொடுங்க."

"ஒருத்தி எத்தனை டம்ளர்தான் குடிப்பா?" என்று சம்பந்தியம்மாள் முணுமுணுத்தார்.

சோதனையாளர் கெட்டிலைத் தூக்கினார். கொண்டியை அழுத்தி மூடி திறப்பதைக் காட்டினார், விட்டுப் பூட்டினார், ஊற்றினார். வடிவமைப்பாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அப்படியே செய்தார். அவளும் செய்தாள்; கொஞ்சம் வெளியே சிந்தியது. இதென்ன விளையாட்டு என்பதுபோலப் பார்த்துவிட்டு முதலாளி கடைசியாகக் கெட்டிலை எடுத்தார்.

இடது கையால் எடுத்தார்.

அவள் அந்தக் கையைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறாள். பலகையில் எழுதும், மேஜையைத் தட்டும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றும். இன்றுதான் அதன் கட்டை விரலைப் பார்த்தாள். கொண்டி வலது கட்டை விரலுக்கு வாகாகச் சரிந்திருந்தது. இடது விரலுக்கு அந்தச் சரிவு அகப்படவில்லை. பழகிய வேகத்தில் அது கொண்டியின் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளியது. மூடி திறந்தது.

"சார், அப்படியே நில்லுங்க!" என்று கத்திவிட்டாள். "விரலை எடுக்காதீங்க."

வடிவமைப்பாளர் குனிந்து பார்த்தார். "அழுத்தலை... தள்ளுறார்," என்றார் மெதுவாக. "தள்ளத் தள்ள உள்ள இருக்கற பல்லு ஓரத்துல உரசும். தேஞ்ச பல்லு மூடியைப் பிடிக்காது."

"கண்டுபிடிச்சுட்டாங்க," என்று மதிப்பீட்டாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மிச்சத்தை நான் சொல்றேன். கேன்டீன்ல அடுப்பு எரியலை. ஆனா முதலாளி டம்ளர்ல ஆவி பறக்குது. யாரும் தொடாத இந்தக் கெட்டிலோட அடி இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. உடைஞ்சதுக்குள்ள குழாய்த் தண்ணி உப்பு. சாவி இந்தப் பொண்ணுகிட்ட மட்டும்தான்னு சொன்னார், சரி. ஆனா எல்லாக் கதவுக்கும் சாவி அவர் மேஜை மேலயே கிடக்கு. எங்க சம்பந்தி முழங்கைக்கு அது தெரியும். எழுதின மை கையில அப்பியிருந்ததால எந்தக் கைன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது. இந்த ரெண்டாவது கொண்டியும் அதே பக்கம் பளபளக்க ஆரம்பிச்சிருக்கு. ராவ வந்தவன் மறுபடியும் வந்து, அதே பக்கத்தை, விரலால தேய்ப்பானா?"

முதலாளி கெட்டிலை வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"நானா உடைச்சேன்?"

"உடைக்கலை. உபயோகிச்சீங்க."

"தினம் வெந்நீர் வெச்சுக் குடிப்பேன்," என்றார் அவர், பிடிபட்ட பிள்ளைபோல. "வெளியில வராத சாமான், முதல்ல என் கையில இருக்கேன்னு ஒரு ஆசை. ஒண்ணு உடைஞ்சதும் இன்னொண்ணை எடுத்துக்கிட்டேன். யார் தொட்டது, யார் தொட்டதுன்னு எல்லாரையும் கேட்டேன். என்னை நான் கேட்டுக்கவே இல்லையே!"

முதலில் சிரித்தவர் சோதனையாளர்தான். பிறகு வடிவமைப்பாளர். "நாங்க எல்லாரும் வலது கை. எந்திரத்துக்கோ ஒரே விரல். முதலாளியும் ஒரு வாடிக்கையாளர்னு எவனுக்குத் தோணிச்சு?" என்று தாடியைத் தடவிக்கொண்டார். சம்பந்தியம்மாள், தனக்கு ஆரம்பத்திலிருந்தே முதலாளி மேல் ஒரு கண் இருந்ததாகச் சோதனையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் சுவரில் சாய்ந்தாள். இத்தனை நாளாக ஒளிவதற்காக ஒட்டி நடந்த சுவர். இப்போது வெறும் சுவராக, குளிர்ச்சியாக, முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றது. நான் இல்லை, நான் இல்லை என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. எத்தனை நாளாக மூச்சைப் பாதியோடு நிறுத்தி வைத்திருந்தோம் என்பது, அது முழுதாக வெளியே வந்தபோதுதான் தெரிந்தது.

முதலாளி அருகில் வந்தார். "மன்னிச்சுக்கம்மா. பெரிய வார்த்தையெல்லாம் சொல்லிட்டேன். நீ எங்கேயும் போக வேணாம். அந்த நேர்காணலையும் நான் மறந்துட்டேன்."

"பரவாயில்லை சார்." அவள் கண் நிறைந்திருந்தது.

"ஒரே ஒரு உதவி பண்ணு." அவர் குரல் இன்னும் தணிந்தது. "நாளைக்கு வியாபாரிங்க மறுபடி வர்றாங்க. கொண்டு வர்ற வழியில வண்டியில அடிபட்டு உடைஞ்சுதுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க. சொன்ன தேதியிலயே கடைக்கு அனுப்பிடலாம். கொண்டியை அடுத்த வருஷம் மாத்திக்கலாம். இடது கைக்காரங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க?"

கேட்டவரின் இடது கை மேஜை மேல் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். எங்கோ ஒரு சமையலறையில், இன்னும் பிறக்காத ஒரு கோபம் அவளுக்குத் தெரிந்தது. கொதிக்கும் நீரும், அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கையும் தெரிந்தன. சரி என்று சொல்ல நாக்குக்குப் பழக்கம் இருந்தது. வேலை இப்போதுதான் திரும்பக் கைக்கு வந்திருந்தது. இன்னும் சூடுகூட ஆறவில்லை. மதிப்பீட்டாளர் உருப்பெருக்கியை உறையில் போடுவதில் மும்முரமாக இருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் கெட்டிலை எடுத்தாள். இடது கைக்கு மாற்றினாள். கட்டை விரல் கொண்டியைத் தேடியது. சரியாக உட்கார இடம் கிடைக்கவில்லை.

"இல்லை சார்," என்றாள் மெதுவாக. "அப்படி நான் சொல்ல மாட்டேன்."