ஏற்கெனவே இயங்குகிறது

புது மடிக்கணினியில் தரவுத்தளம் எழும்ப மறுத்தது. ‘இந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று இயங்குகிறது’ என்று திரை சொன்னது. நிவேதனா நெற்றியைச் சுருக்கினாள். பெட்டியைப் பிரித்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவள் வேறெதையும் அதில் நிறுவியிருக்கவில்லை.

உடுப்பிட்டியில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் அந்தப் பின்னேரம் அவள் மட்டும்தான். மாரிமழை ஓட்டில் விழுந்து, பீலி வழியே கொட்டி, முற்றத்துச் சேற்றைக் குழைத்துக்கொண்டிருந்தது; ஈரச் சுண்ணாம்பு மணமும் புதுப் பிளாஸ்ரிக் மணமும் அறைக்குள் கலந்து நின்றன. கமக்காரர்கள் விதைவெங்காயத்துக்குப் பதியும் இணையச் செயலியை நாளைக் காலை அவர்களுக்கே காட்டவேண்டும்.

இயங்கிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். உடனே திரும்ப எழும்பியது. மறுபடி நிறுத்தினாள். மறுபடி எழும்பியது. என்னதான் இருக்கிறதென்று அதைத் திறந்தாள். உள்ளே ஒரேயொரு அட்டவணை. நேரம், செய்தி என்று இரண்டு நிரல்கள்.

3.40 – பெட்டியை உடைச்சாள்.
4.05 – தேத்தண்ணி குடிச்சாள்.
4.31 – என்னை நிப்பாட்டப் பாத்தாள்.
4.32 – திரும்பவும்.

அலுவலகத்தில் கூட வேலைசெய்யும் ஜஸ்ரினைக் கைபேசியில் அழைத்தாள். அவன் குருநகரில் தன் வீட்டில் இருந்தான்.

“ஜஸ்ரின், என்ரை மெசினிலை ஓடுற தரவுத்தளத்துக்குள்ளை நீ ஏதும் எழுதினனியே?”

“இல்லை அக்கா. அது உங்கடை மெசினுக்குள்ளை மட்டும்தானே ஓடுது. வெளியிலையிருந்து ஒருத்தரும் எழுதேலாது. இன்ரநெற்றைக் கழட்டிப் பாருங்கோவன்.”

மடிக்கணினியின் இணைப்பைத் துண்டித்தாள். பக்கத்தைப் புதுப்பித்தாள்.

4.36 – அவனுக்குச் சொல்லிப்போட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

எழுந்து ஓட நினைத்தாள்.

“அக்கா, ரைப் பண்ணுறதை விட்டிட்டுச் சொல்லுங்கோ. என்ன வருது?”

அவளுடைய ஒரு கையில் கைபேசி. மற்றக் கை மடியில்.

விசைகள் தாமாக அமிழ்ந்தன. ஒன்று. இன்னொன்று. ஆறுதலாக, மெதுவாக.

கைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

விசைகள் நின்றன. ஈரமான ஏதோவொன்று மடியிலிருந்த கையின்மேல் வந்து படிந்தது. ஒவ்வொரு விரலாகப் பற்றியது. தூக்கியது. விசைப்பலகையில் வைத்தது.

“அக்கா? கேக்குதே?”

அவளுடைய விரல்கள் தட்டத் தொடங்கின.

4.38 – ஜஸ்ரினும் தனிய இருக்கிறான். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.