பெயருக்குப் பக்கத்தில் ஒரு ‘நீ’

காலை எட்டு ஐம்பதுக்குச் சாக்பீஸ் எடுக்கத் தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்தாள் கேள்வி.

அது பட்டப்பெயர். ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வியாவது கேட்பாள் என்று ஐந்தாம் வகுப்பே சேர்ந்து வைத்தது.

மேசையில் பெரிய படிவம் ஒன்று விரிந்திருந்தது. அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள். பக்கத்தில் பெற்றோரின் வேலை, படிப்பு, வீட்டில் பேசும் மொழி. கடைசியில் தமிழ், கணக்கு மதிப்பெண்கள். எட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஓர் எழுத்து இருந்தது. நீ.

அவளுடைய பெஞ்சில் உட்காரும் மின்னலுக்கும் ஒரு ‘நீ’.

தலைமை ஆசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தார்.

“சாக்பீஸ் எடுக்க வந்தியா, படிக்க வந்தியா?”

“சாக்பீஸ்தான் டீச்சர்.”

இடைவேளையில் ரேடியோவிடம் சொன்னாள். அவனுக்குத் தெரியாத செய்தி பள்ளியில் கிடையாது. தெரியாவிட்டாலும் சொல்லுவான்.

“நீ-ன்னா நீக்கம்,” என்றான் ரேடியோ. “அடுத்த வாரம் அதிகாரி வர்றார்ல? மார்க் கம்மியா இருக்கிறவங்களை அதுக்குள்ள அனுப்பிடுவாங்க. ஸ்கூல் பேரு கெடக்கூடாது பாரு.”

பின்னால் மின்னல் நின்றிருந்தான். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்பவன். அதனால்தான் அந்தப் பெயர். கேட்பதை மட்டும் சீக்கிரம் கேட்டுவிட்டான்.

“எனக்கும் நீ இருக்கா?”

கேள்வி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

அதன் பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. வாட்ச்மேன் வந்து கடைசி பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டதற்கு, “கால் ஆடுது” என்றார். அந்த பெஞ்ச் ஆடி அவள் பார்த்ததே இல்லை. மதியம் அலுவலக எழுத்தர் அக்கா வந்து மின்னலைத் தனியாகக் கூப்பிட்டார். வீடு எங்கே, எந்த பஸ், எத்தனை மணிக்குக் கிளம்புவாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

“வீட்டுக்கு லெட்டர் போடத்தான் விலாசம்,” என்றான் ரேடியோ.

மின்னல் பையை மூடினான். “நாளையிலேர்ந்து நான் வரல. அவங்க அனுப்பறதுக்கு முன்னாடி நானே நின்னுக்கறேன்.”

“உங்க அம்மா விடுவாங்களா?”

“சித்தாள் வேலைக்குப் போயிட்டு ராத்திரிதான் வருவாங்க. நான் வீட்ல இருந்தேனா, ஸ்கூல்ல இருந்தேனான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

கேள்வி சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தாள். ரேடியோவைப் படிக்கட்டு ஓரமாக இழுத்துப் போனாள். எட்டுப் பெயர்களையும் சொன்னாள்.

“இவங்க மார்க் எல்லாம் சொல்லு.”

ரேடியோ மூச்சு விடாமல் சொன்னான். ஐம்பதுக்குத் தமிழில் நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தாறு. கணக்கில் பதினான்கு, பன்னிரண்டு, பதினாறு. எட்டுப் பேருக்கும் அப்படித்தான்.

“உனக்குக் கணக்குல எவ்வளவு?”

“எதுக்கு?”

“சொல்லுடா.”

“பதினொண்ணு.”

“உன் பேருக்குப் பக்கத்துல நீ இல்லையே.”

ரேடியோ தலையைச் சொறிந்தான். “அவங்க மறந்திருப்பாங்க. நீ போய் ஞாபகப்படுத்தாதே.”

கேள்வி எட்டுப் பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். எல்லோரும் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிறவர்கள். எல்லோரும் ஏழாம் எண் பஸ்.

அவள் நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

“நீ-ன்னா என்ன டீச்சர்?”

அவர் பேனாவை மூடினார். “நீண்ட தூரம். அவங்களுக்கு வேன் கேட்டு எழுதியிருக்கேன். கிடைக்குமான்னு தெரியாது. அதனாலதான் வெளிய சொல்லல.”

கேள்வி தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. மேசையில் மறுபடி விரிந்திருந்த படிவத்தின் கீழ்ப்பக்கம் ஒரு கட்டம் இருந்தது. எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகப் படித்தாள். ‘கணக்கில் மதிப்பெண் குறைவுக்குக் காரணம்: பெற்றோருக்குப் படிப்பு இல்லை.’

“எங்க அம்மாவும் படிக்கல டீச்சர்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்விக்குக் கணக்கில் நாற்பத்தேழு.

“எங்க வீடு எதிர்த் தெருவுல. நான் பெல்லடிக்கிறப்ப இங்க இருப்பேன். ஏழாம் நம்பர் பஸ் ஒன்பதரைக்குத்தான் வருது. கணக்கு முதல் பீரியட்.”

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“அவங்க வரும்போது கணக்கு டீச்சர் எப்படிப் போடறதுன்னு சொல்லி முடிச்சிருப்பாங்க. போர்டுல பாதி அழிஞ்சிருக்கும். தமிழ் மூணாவது பீரியட். அதுல அவங்களுக்கு நல்ல மார்க்தானே?”

தலைமை ஆசிரியை எண்களின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே நகர்த்தினார். மறுபடியும் ஒருமுறை நகர்த்தினார். பிறகு கட்டத்தில் இருந்ததை அடித்தார்.

“கணக்கு டீச்சரைக் கூட்டிட்டு வா,” என்றார்.

மாலையில் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள் கேள்வி.

“நீ-ன்னா நீண்ட தூரம்டா.”

“யாரு சொன்னா?” என்றான் மின்னல்.

“பெரிய டீச்சர்.”

“எழுதினதே அவங்கதானே. வேற என்ன சொல்லுவாங்க?”

“நாளையிலேர்ந்து கணக்கு மூணாவது பீரியட். உங்க பஸ்ஸுக்காக மாத்தியிருக்காங்க.”

“பொய்.”

“அனுப்பப்போறவங்களுக்காக யாராவது டைம்டேபிளை மாத்துவாங்களா? நீயே யோசி.”

மின்னல் யோசித்தான். பஸ் வந்தது. ஏறினான்.

மறுநாள் ஒன்பதரைக்கு ஏழாம் எண் பஸ்ஸிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். கேள்வி ஜன்னலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியாக, மெதுவாக, எட்டாவது ஆள் இறங்கினான்.

மூன்றாவது பீரியடில் கணக்கு டீச்சர் பின்னக் கூட்டலை முதலிலிருந்து சொன்னார். போர்டு முழுவதும் எழுதினார். பிறகு ஐந்து கணக்கு கொடுத்தார்.

மின்னல் குனிந்து எழுதினான். முடித்துவிட்டு டீச்சரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். பின்பக்கத்தில் வேறு கணக்கு ஒளிந்திருக்கிறதா என்று நோட்டைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் கேள்வியின் பக்கம் சாய்ந்தான்.

“ஏய், கணக்கு எப்பவுமே இவ்வளவு சுலபமாத்தான் இருந்துச்சா, இல்ல இன்னிக்கு மட்டும் ஏதாவது உள்குத்தா?”