மூன்றாம் லெவலுக்குக் கீழே

ரூபி செத்து எட்டு மாதம் ஆகிறது என்பதை வெங்காய விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டு, எஸ்தர் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டாள். ரூபி அவளுடைய ஒரே மகள். ஒன்பது வயதில் வெப்பக் காய்ச்சலில் போனவள். டீக்கடையில் இருந்த யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கவயலில் இப்போதெல்லாம் சாவைப் பற்றி அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

எதிரே குணசீலன் ஒரு காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிலோமினா. மூவரும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கூட்டாளிகள்.

“இன்னாடா அது?” என்று கேட்டாள் எஸ்தர்.

“என் கையெழுத்துதான். ‘எஸ்தரைச் சுரங்கத்துக்குக் கூட்டிட்டு வா, இன்னா சொன்னாலும் வுடாத’ன்னு எழுதிக்கீறேன். போன ஞாயித்துக்கிழமை நானும் பிலோமியும் வேடிக்கை பாக்கக் கீழ போனப்ப எழுதுனது. அது ஏன் அவ்ளோ முக்கியமாப் பட்டுச்சுன்னுதான் இப்பப் புரியல.”

“அந்தப் பாழுங்குழிக்கா? எனக்குத் துவைக்கிற துணி மலையா கெடக்குது.”

“நாளைக்குக் கார்பன் கழிவுச் சேறு ஊத்தி மூடப் போறாங்க. இன்னிக்கு வுட்டா அவ்ளோதான், வாடி,” என்றாள் பிலோமினா. அவளுக்கும் அது புரியவில்லை. இருந்தாலும் இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தங்கம் தீர்ந்து, கைவிட்டு மூன்று தலைமுறை ஆன சுரங்கம். ஹெல்மெட் விளக்கின் வெளிச்சத்தில் துருப்பிடித்த தண்டவாளமும் கவிழ்ந்து கிடந்த டிராலியும் தெரிந்தன. முதல் லெவலில் எஸ்தர் இருவரையும் கேலி செய்துகொண்டே வந்தாள். இரண்டாவதில், ஈரமான இரும்பு ஏணியில் இறங்கும்போது, பேச்சு குறைந்தது. மூன்றாவதைத் தாண்டியதும் செவிமணியில் சிக்னல் அறுந்தது.

செவிமணி என்பது காதுக்குப் பின்னால் எலும்போடு பதித்த, அரிசி அளவுக் கருவி. அது இல்லாத ஆள் கிடையாது. வெயில் வருடங்களில் வீட்டுக்கு இரண்டு பேர் செத்து, மிச்சமிருந்தவர்கள் படுக்கையை விட்டு எழ மாட்டாமல் கிடந்தபோது, மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தது. கோபுரங்களிலிருந்து ஆறுதல் அலை வரும். நினைவு நினைவாகவே இருக்கும், வலி மட்டும் இருக்காது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை பாறையைத் துளைத்து அந்த அலை வராது.

எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“ரூபி செத்துட்டாடா,” என்றாள், இப்போதுதான் செய்தி வந்ததுபோல.

“தெரியும்மா,” என்றான் குணசீலன். அவனும் அழுதுகொண்டிருந்தான். காகிதம் எதற்கென்று இப்போது புரிந்துவிட்டது. போன வாரம் இதே இடத்தில் அவன் செத்துப்போன தன் அப்பாவுக்காகவும் பிலோமினா தன் புருஷனுக்காகவும் அழுது தீர்த்தபோது, எஸ்தர் இன்னும் அழவே இல்லையே என்று இருவருக்கும் நெஞ்சு பதறியிருந்தது.

“அடக்கம் பண்ணிட்டு வந்து நான் சாப்ட்டேன் குணா. ரெண்டாம் வாட்டி சோறு போடச் சொல்லிச் சாப்ட்டேன். பெத்தவளா நானு?”

சேற்றில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அழுதாள். ரூபியின் இடது காலில் ஆறு விரல் இருந்ததையும், அந்தக் காலுக்குச் செருப்பு தேடிக் கடை கடையாக அலைந்ததையும் சொல்லிச் சொல்லி அழுதாள். கடைசி நாள் தண்ணீர் கேட்டவளை, ‘இப்பத்தானே குடிச்ச’ என்று அதட்டியதைச் சொன்னபோது பிலோமினா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். அந்த அழுகை கொடுமையாக இருந்தது. அழாமல் இருந்த எட்டு மாதம் அதைவிடக் கொடுமை என்று எஸ்தருக்குத் தோன்றியது.

குணசீலன் இடுப்பில் கட்டியிருந்த காற்றுமானி, மூச்சுக்காற்று குறைகிறதென்று கத்தத் தொடங்கியது.

“எழுந்திரு, மூச்சு முட்டிச் சாவப் போற,” என்றாள் பிலோமினா.

“நான் வரல. மேல போனா அவ எனக்கு யாரோ ஆயிடுவா.”

“இங்கயே கெடந்தா நீயும் இல்லாம போயிடுவ. அப்புறம் அவளை நெனைக்க யார் இருக்காங்க?”

எஸ்தர் எழுந்தாள். குணசீலனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மேல போனதும் சொல்லுடா. நான் எப்படி அழுதேன்னு சொல்லு. வாரா வாரம் சொல்லு.”

அவன் சத்தியம் செய்தான்.

ஏணியில் ஏற ஏற சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியது. “போறா, என் புள்ள போறா, புடிங்க!” என்று கத்திக்கொண்டு எஸ்தர் கம்பியை இறுக்கினாள். கம்பியைத்தான் பிடிக்க முடிந்தது. பிலோமினா கீழிருந்து அவளைத் தள்ளித் தள்ளி மேலேற்றினாள்.

வெளியே வெயில் தணிந்திருந்தது. எஸ்தர் சேலையில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டாள். வாக்குக் கொடுத்தது நினைவில் இருந்ததால், குணசீலன் பாடம் ஒப்பிப்பவனைப் போல நின்று சொன்னான்: “எஸ்தர், கீழ நீ ரெண்டு மணி நேரம் அழுத. ரூபிக்குத் தண்ணி குடுக்கலன்னு சொல்லி அழுத. மேல வரமாட்டேன்னு அடம் புடிச்ச.”

எஸ்தர் முழுதும் கேட்டாள்.

“ஆமால்ல? பாவம்,” என்றாள்.

கீழே அழுத அந்தத் தாயை, யாரோ ஒருத்தியைப் போல நினைத்து, அவளுக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது.