பதிவிலக்கம் இல்லாத போத்தல்

போத்தல் சூடாக இருந்தது. கோழி எழும்பிப் போன பிறகு முட்டையில் மிஞ்சியிருக்கும் சூடு. வெயில்தான் காரணம் என்று அருந்ததி நினைத்துக்கொண்டாள். பூட்டிய அலுமாரிக்குள் வெயில் எப்படி வந்தது என்று மட்டும் நினைக்கவில்லை.

கொக்குவிலில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள் அவள். பதிவிலக்கம் இல்லாத மருந்து கேட்டு வருகிறவர்களை ஒரு பார்வையிலேயே திருப்பி அனுப்புவாள். அப்படிப்பட்டவள், தங்கச்சியின் கலியாணத்துக்கு முன் மெலிய வேண்டும் என்று, அழகுநிலையக்காரி யசிந்தாவிடம் மாத்திரை வாங்கினாள். கனடாச் சாமான் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. போத்தலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

விழுங்கத் தொடங்கிக் கன நாளுக்குப் பிறகுதான் பார்த்தாள், அன்றே நிப்பாட்டினாள். பதிவிலக்கம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. இயற்கை மூலிகை என்று மட்டும் இருந்தது. எலிப் பாஷாணத்தில்கூட இதைவிடக் கூடுதலாக எழுதியிருப்பார்கள்.

போத்தல் சூடாக இருந்த அன்று பின்னேரம் யசிந்தாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, உதில பதிவு நம்பர் இல்லை."

"மருந்துக்குத்தானடி நம்பர். உது சாப்பாடு எண்டு இறக்கினது. ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"நான் நிப்பாட்டி ஒன்பது நாள். இன்னும் குறையுது."

"குறையத்தானே வாங்கினனீ?" யசிந்தா சிரித்தாள். "குறையேல்லை எண்டு சண்டைக்கு வந்த ஆக்கள் இருக்கினம். குறையுது எண்டு அழுற முதல் ஆள் நீதான்."

அவளை இகழ அருந்ததிக்கு வாய் வரவில்லை. விற்றவள் அவள். விழுங்கியது யார்?

தராசில் ஏறினாள். ஐம்பத்திரண்டு கிலோ. மாத்திரை தொடங்கிய நாள் எழுபத்தொன்று. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் கண்ணாடியில் அதே முகம், அதே கை, அக்குளில் அதே இறுக்கத்தோடு சட்டை. ஒரு நூலளவும் மெலியவில்லை. குறைந்ததெல்லாம் எங்கே போனது?

அலுமாரிக்குள் சத்தம் கேட்டது. ஈரமான, அவசரமில்லாத சத்தம். சோற்றைக் குழைத்து வாயில் வைத்து ஆறுதலாக மெல்லுவதுபோல.

போத்தலை ஒரு கையால் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்துத் தராசில் வைத்தாள். பத்தொன்பது. கூட்டிப் பார்த்தாள். தன் கணக்குத்தான் பிழையாக இருக்கும் என்று மூன்றுதரம் கூட்டினாள். எழுபத்தொன்றுதான் வந்தது.

அம்மாவும் தங்கச்சியும் அளவெட்டிக்குக் கலியாணம் சொல்லப் போயிருந்தார்கள். வளவில் இருள் இறங்கிக்கொண்டிருந்தது. போத்தலை வயிற்றோடு அணைத்துத் தூக்கிப் போய்க் கிணற்றுக்குள் போட்டாள். ஆள் விழுந்த சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

திரும்பி நடந்தாள். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. குனிந்து பார்த்தாள். மணலில் அடி பதியவில்லை. மிச்ச ஐம்பத்திரண்டும் போத்தலோடு கிணற்றுக்குள் போய்விட்டதா? காற்று ஒரு துளியும் இல்லை, ஆனாலும் உடம்பு ஆடியது. எட்டி, தூணில் சுற்றியிருந்த, மறுநுனி கிணற்றுக்குள் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கிப் பிடித்தாள்.

செருப்பிரண்டும் தரையில் இருந்தன. வெறுமையாக.

கிணற்றுக்குள் தண்ணீர் விலகியது. ஏதோ மூச்சு வாங்கியது. அவள் படியேறினால் வாங்குகிற அதே மூச்சு.

கயிறு விறைத்தது. கப்பி ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது.

பிறகு இன்னொரு சுற்று.