செருப்பு அட்டென்டன்ஸ்

சிட்டுவின் வீட்டில் தினமும் சாயங்காலம் அட்டென்டன்ஸ் எடுக்கப்படும். எடுப்பது அவளுடைய அண்ணன்.

அண்ணனுக்குப் பதினாறு வயது. அப்பாவைவிட உயரம். ஆனால் பேச்செல்லாம் சின்னப் பிள்ளை போல இரண்டிரண்டு வார்த்தைதான். சட்டைப் பொத்தான் போடவும் பல் தேய்க்கவும் அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும். சிறப்புப் பள்ளியின் வேன் இறக்கிவிட்டதும் அவன் நேரே உள்ளே வர மாட்டான். வாசலில் கிடக்கும் செருப்புகளைக் குனிந்து பார்ப்பான்.

"அம்மா இருக்கு. அப்பா இல்ல. சிட்டு இருக்கு."

கடைசியில் தன்னுடைய பெரிய நீலச் செருப்பைப் பார்த்து, "அண்ணன் இருக்கு!" என்பான். பள்ளிக்கு அவன் ஷூ போட்டுக்கொண்டு போவதால் அந்தச் செருப்பு வாசலிலேயே கிடக்கும்.

"வெளிய நின்னுக்கிட்டே உள்ள இருக்கேங்கிறியேடா!" என்று அம்மா சிரிப்பாள். அவனும் சிரித்துக்கொண்டே உள்ளே வருவான்.

இதைக் கற்றுக்கொடுத்ததே சிட்டுதான். ஒருநாள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருக்க, அண்ணன் உள்ளே போய் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்குப் போய்த் திரும்பிய பக்கத்து வீட்டு அத்தை போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

அன்று சிட்டு அவனை உட்காரவைத்துச் சொன்னாள். "வாசல்ல செருப்பு இருந்தா ஆளு இருக்காங்க. செருப்பு இல்லன்னா யாரும் இல்ல. யாரும் இல்லாத வீட்டுக்குள்ள போகக் கூடாது. புரிஞ்சுதா?"

அவனுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

அண்ணன் ராத்திரியில் அடிக்கடி எழுந்துவிடுவான். கூடவே அம்மாவும் எழுந்திருக்க வேண்டும். தூக்கமில்லாமல் அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. முதுகுவலி வேறு. "மருந்தெல்லாம் அப்புறம். நீங்க முதல்ல தூங்குங்க" என்று டாக்டரே கோபித்துக்கொண்டார்.

அண்ணனைப் போன்றவர்கள் ஓரிரு நாள் தங்கிப் போவதற்கென்றே ஒரு வீடு இருக்கிறது. பார்த்துக்கொள்ள அங்கே ஆட்கள் உண்டு. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் இளைப்பாறலாம். அந்தச் சனிக்கிழமை மதியம் அப்பா அண்ணனுக்கு ஷூ போட்டு, முதல்முறையாக அங்கே கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்து ஊஞ்சலில் அவனை உட்காரவைத்துவிட்டு, அப்படியே வேலைக்குப் போய்விட்டார். அம்மா படுத்த வேகத்தில் குறட்டை வந்தது.

சிட்டுவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாகத் தோழியை வீட்டுக்கு அழைத்திருந்தாள்.

அந்தத் தோழிக்கு வகுப்பில் 'கேள்விக்குறி' என்று பெயர். வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். அவள் வருவதற்குள் சிட்டு ஒரு காரியம் செய்தாள். அண்ணனின் நீலச் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

காரணம் பள்ளி ஆண்டு விழா. தலைமையாசிரியை பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் எழுந்து நின்று பலமாகக் கைதட்டி, "சிட்டூ!" என்று கத்தினான். அது வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர் என்பதால் அவன் கூப்பிட்டது யாரை என்று பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் கேள்விக்குறி அதே மாதிரி கைதட்டி நடித்துக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிட்டுவும் சிரித்தாள்.

இருவரும் அட்டையில் காற்றாலை செய்ய உட்கார்ந்தார்கள். கேள்விக்குறியின் கண் கொடிக்கயிற்றில் போய் நின்றது.

"அந்தப் பெரிய சட்டை யாரோடது?"

"அப்பாவோடது."

"உங்கப்பா வாத்துப் படம் போட்ட சட்டையா போடுவாரு?"

"லீவு நாள்ல மட்டும்."

"உனக்கு அண்ணன், தம்பி யாரும் இல்லையா?"

"இல்ல" என்றாள் சிட்டு, பசையைத் தடவிக்கொண்டே.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அம்மா எழுந்துவிடக் கூடாதே என்று சிட்டு ஓடிப்போய் எடுத்தாள்.

"தங்கச்சியாம்மா?" அது அண்ணன் தங்கப் போயிருந்த வீட்டில் வேலை பார்க்கும் அக்கா. "உங்கண்ணன் உள்ள வரவே மாட்டேங்கிறாரு. படியில நின்னுக்கிட்டு அழறாரு. நாங்களும் என்னென்னவோ சொல்லிப் பாத்துட்டோம். இப்படி அழுதா வச்சுக்க முடியாதும்மா. அம்மாவை எழுப்பு, வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. "இல்ல... இல்ல..."

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்து, கையைத் தலைக்கு வைத்து, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது எழுப்பினால் அம்மாவுக்கு இனி இப்படி ஒரு தூக்கம் எப்போது வாய்க்குமோ?

"அக்கா, உங்க வாசல்ல செருப்பு இருக்கா?"

"செருப்பா? இங்க எல்லாத்தையும் அலமாரியில வச்சு மூடிடுவோமே. ஏம்மா?"

சிட்டுவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. கேள்விக்குறி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டுவின் காது இரண்டும் சுட்டன.

"இல்ல... யாரும் இல்ல..." மறுபடியும் அண்ணன்.

"எங்க அண்ணன் செருப்பைப் பாத்துத்தான் ஆளு இருக்காங்களான்னு கண்டுபிடிப்பான்" என்று சிட்டு ஒரே மூச்சில் சொன்னாள். "செருப்பு இல்லன்னா உள்ள போகக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கேன். எல்லாரோட செருப்பையும் எடுத்து வாசல்ல வைங்கக்கா. சமைக்கிறவங்களோடதும்."

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. தொப் தொப்பென்று செருப்புகள் விழுந்தன. அழுகை மெல்ல மெல்ல அடங்கியது.

"இருக்கு. இருக்கு. இருக்கு" என்றான் அண்ணன். பிறகு மெதுவாக, "அண்ணன் இல்ல."

கட்டிலுக்கு அடியில் நீலச் செருப்பின் நுனி தெரிந்தது. இந்த வீட்டு வாசலுக்கு அவன் இப்போது வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

"அக்கா, ஸ்பீக்கர்ல போடுங்க. அண்ணா! ஷூவைக் கழட்டி அங்க வை. அப்ப நீயும் இருப்ப!"

ஷூ கழற்றப்படும் சத்தம். பிறகு பெரிய குரலில், "அண்ணன் இருக்கு!"

"உள்ள போயிட்டாரும்மா!" என்றார் அக்கா. "அலமாரிக்கு இன்னைக்கும் நாளைக்கும் லீவு விட்டுடறோம்."

சிட்டு போனை வைத்தாள். கேள்விக்குறி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சிட்டு கட்டிலுக்கு அடியில் புகுந்து செருப்பை எடுத்தாள்.

"இது எங்க அண்ணனோடது. வாத்துச் சட்டையும்தான். ஆண்டு விழாவுல கைதட்டினதும் அவன்தான்."

கேள்விக்குறியின் முகம் சுண்டிப்போனது. "ஐயோ, நான் அவன் மாதிரியே பண்ணிக் காட்டினேனே..."

"நான் சிரிச்சேனே" என்றாள் சிட்டு.

பிறகு கேள்விக்குறி மெதுவாக, "நாளைக்கு அவன் வரும்போது நானும் வரட்டுமா?" என்றாள்.

சிட்டு தலையை ஆட்டினாள். செருப்பைத் துடைத்து வாசலில் நேராக வைத்தாள். அம்மா எழுந்ததும் போன் வந்த கதையைச் சொன்னாள். செருப்பை ஒளித்துவைத்ததை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பாவோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அண்ணன் வாசலில் குனிந்தான்.

"அம்மா இருக்கு. அப்பா இல்ல."

"டேய், நான் உன் பக்கத்துலதான்டா நிக்கிறேன்!" என்றார் அப்பா.

"சிட்டு இருக்கு." அடுத்து ஒரு சிவப்புச் செருப்பு. அண்ணன் நெற்றியைச் சுருக்கினான். கதவுக்குப் பின்னாலிருந்து கேள்விக்குறி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "புதுசு இருக்கு."

பிறகு அவன் கண் நீலச் செருப்புக்கு வந்தது. சிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் இருக்கு!"

"ஆமா" என்றாள் சிட்டு, தெருவுக்கே கேட்கும்படி. "எங்க அண்ணன் இருக்கான்!"