இன்னும் ஒரு ஆள்

திரையில் "வந்துட்டேன்" மூன்று முறை விழுந்திருந்தது. இரண்டு முறைதான் விழுந்திருக்க வேண்டும்.

மஜீதா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். ஒன்று, வந்துட்டேன். இரண்டு, வந்துட்டேன். மூன்று, வந்துட்டேன். பச்சை எழுத்துகள் அசையாமல் நின்றன. பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த இருதயமேரி, "ஒரு வேலையை உருப்படியா செய்யத் தெரியலை உனக்கு" என்றாள். அவளுக்குப் பேரில் மட்டும்தான் இருதயம் என்று வகுப்பில் கேலி உண்டு. அது கேலியே இல்லை என்று மஜீதாவுக்கு இப்போதெல்லாம் தோன்றியது.

எம்.ஈ. வகுப்பில் பெண்கள் மூன்றே பேர் என்பதால், அவர்களைக் கேட்காமலேயே ஒரே குழுவாக்கிவிட்டார்கள். பெரிய கணக்கு ஒன்றைப் பிய்த்து, மூன்று கம்ப்யூட்டர் போர்டுகள் ஒரே நேரத்தில் போடும்படி செய்வதுதான் அவர்கள் ஆராய்ச்சி. மஜீதாவுடையது முதல் போர்டு, மேரியுடையது இரண்டாவது, வேலம்மாளுடையது மூன்றாவது. முந்தி முடித்தது மற்றவற்றுக்காகக் காத்து நிற்க வேண்டும். எல்லாம் வந்த பிறகுதான் அடுத்த கட்டம். அப்படி நிற்கும் இடத்துக்கு வேலம்மாள் 'பஸ் ஸ்டாப்' என்று பெயர் வைத்திருந்தாள். பச்சைமலையில் அவள் ஊருக்கு வருவது ஒரே பஸ். போக வேண்டியவர்கள் எல்லாரும் ஏறாமல் வண்டியை எடுக்கமாட்டார்களாம். வேலையை முடித்த போர்டு இங்கிலீஷ் எழுத்தில் "வந்துட்டேன்" என்று சொல்வதும், ஒன்று குறைந்தால் திரை கண்டக்டரைப் போல "இன்னும் ஒரு ஆள்" என்று கூவுவதும் அவள் எழுதியவைதான். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

காய்ச்சலோடு ஊருக்குக் கிளம்பியபோது வேலம்மாள், "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் வரவில்லை, பரீட்சகர் வரும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கம் தபால் ஆபீசில் மேரி தந்தி எழுதினாள்: உடனே வா, வராவிட்டால் உன் பேர் இருக்காது. அது ரொம்பக் கடுமை என்று பக்கத்தில் நின்ற மஜீதாவுக்குப் பட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை பாஸாகாவிட்டால் அத்தா துபாய் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவார். பெங்களூரில் காத்திருக்கும் வேலை கையை விட்டுப் போய்விடும்.

தந்தி கிடைத்த அன்றே வேலம்மாள் கொட்டும் மழையில் ஸ்டாப்பில் வந்து நின்றிருக்கிறாள். பாதை சரிந்து பஸ் வரவில்லை. வரும் வரும் என்று அங்கேயே இருந்தவளை விடிந்த பிறகு விறைத்த உடம்பாகத்தான் கண்டெடுத்தார்கள். ஹாஸ்டலிலிருந்து டிரங்குப் பெட்டியை எடுக்க வந்த அவள் அண்ணன் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை மஜீதா மூன்றாவது போர்டைப் பிடுங்கி, துணியில் சுற்றி பீரோவில் வைத்தாள். இனி இரண்டு வந்தால் போதும் என்று புரோகிராமைத் திருத்தினாள். கண்டக்டர் வரியை அழித்தாள். அறிக்கையின் அட்டையில் வேலம்மாளின் பெயரை மேரி அடித்து நீக்கினாள்.

"பழைய டிஸ்க்கைப் போட்டிருப்பே" என்றாள் மேரி. மஜீதா சரிபார்த்து மறுபடி ஓட்டினாள். இந்த முறை மூன்றுதான் முதலில் வந்தது.

மேரி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய் பீரோவைத் திறந்தாள். துணிப் பொட்டலம் வைத்த இடத்திலேயே இருந்தது. தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் ஏசி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் எப்போதும் இருக்கும் சூடான ஒயரின் வாடைக்கு அடியிலிருந்து, மழையில் ஊறிய மண்ணின் வாடையும், வேலம்மாள் ஊரிலிருந்து அவித்துக் கட்டிக்கொண்டு வரும் மரவள்ளிக் கிழங்கின் வாடையும் மெல்ல மெல்ல எழுந்து வந்து மஜீதாவின் தொண்டையில் உட்கார்ந்தன. வெளியே வராந்தாவில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். ஒன்று. பிறகு மற்றொன்று.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வரக்கூடாது. மேரி கதவைத் திறந்து பார்த்தாள். அவர்களுடைய இரண்டு ஜோடிக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ஜோடி ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. சேறு அப்பியிருந்தது. அறுந்த வாரில் ஊக்கு. அந்த ஊக்கைக் குத்திக் கொடுத்ததே மஜீதாதான்.

"நிறுத்துடி. கிளம்பு" என்றாள் மேரி. அவள் குரல் நடுங்கி மஜீதா கேட்டதில்லை.

பாதியில் நிறுத்தினால் இதுவரை போட்ட கணக்கெல்லாம் போய்விடும், நாளைக் காலையில் பரீட்சகருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது என்றாள் மஜீதா. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பெங்களூரை விட மனசு வரவில்லை.

"உன் பேரை மட்டும் போட்டுக்க. நான் போறேன்."

போறேன் என்றா சொல்வார்கள்? கதவு சாத்திக்கொண்டது. மேரி செருப்பு மாட்டும் சத்தத்துக்காக மஜீதா காத்திருந்தாள்.

கேட்கவில்லை.

நடக்கும் சத்தமும் இல்லை.

"மேரி?"

கரண்ட் போயிற்று. விளக்கு அணைந்தது. ஏசி நின்றது. திரை மட்டும் அணையவில்லை.

மூன்று, வந்துட்டேன்.

இரண்டு, வந்துட்டேன்.

அதன் கீழே, காலையில் அவள் தன் கையால் அழித்த வரி.

இன்னும் ஒரு ஆள்.

மஜீதா குனிந்து, தடவித் தடவிப் பிளக்கைப் பிடுங்கினாள். ஒயர் கையோடு வந்தது. பச்சை வெளிச்சம் அப்படியே இருந்தது. அந்த வெளிச்சத்தில் கதவின் அடியிடுக்கு தெரிந்தது. சேற்றுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. இடுக்குக்கு அப்பால் கால்கள். இரண்டு ஜோடி. வெறுங்கால்கள். விரல்கள் எல்லாம் அறையைப் பார்த்து இருந்தன. ஒரு ஜோடியில் மேரியின் கொலுசு.

"பஸ் நிக்குது மஜீதா." வேலம்மாளின் குரலில் கோபமே இல்லை. "நீ மட்டுந்தான் பாக்கி."

மஜீதா இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கீபோர்டை யாரும் தொடவில்லை. திரையில் ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே, எழுத்துகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.