அசையாத எழுபத்திரண்டு

அப்பாவின் நாடித்துடிப்பு காலையிலிருந்து எழுபத்திரண்டு. மதியமும் எழுபத்திரண்டு. சும்மா எழுந்து நின்றாலே எண்பதைத் தொடுகிற மனுஷர், இன்று கூட்டாமல் குறைக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாரா என்ன?

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் அவளைத் தவிர ஆள் இல்லை. ஏசியின் ஈரவாடை, எங்கோ ஒரு குழாய் விட்டு விட்டுச் சொட்டும் சத்தம், அணைந்து கிடக்கும் திரைகளில் வரிசையாகத் தெரியும் தன் முகம் எல்லாம் அவளுக்குப் பழகிப்போனவைதான். வேற்றூரில் தனியாக இருக்கும் மகளுக்கும் வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவுக்கும் நடுவே இந்த எண் ஒன்றுதான் பேச்சு. அவர் மணிக்கட்டில் கட்டிய துடிப்பு அளக்கும் பட்டையிலிருந்து, இணையத்தில் சாக்கெட் எனும் இணைப்பு வழியாக வருவது. நிரலை எழுதியவளும் அவளே. நாளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பதோடு சரி; எண்தான் தெரிகிறதே என்ற தைரியத்தில் நான்கு நாளாகப் போன்கூடப் பண்ணவில்லை.

இப்போது பண்ணினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் எத்தனை பைட் தரவு வந்தது என்று சாக்கெட் சொல்லும். பூஜ்யம் என்றால் மறுமுனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அதை அவள் கேட்கவே இல்லை. நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் மஞ்சள் எழுத்தில் எச்சரித்துக் கத்தியபோது, "சும்மா கிட சனியனே" என்று ஒரு வரி எழுதி வாயடைத்திருந்தாள். புதிதாக எதுவும் வராவிட்டால் திரையில் பழைய எண்ணே நிற்கும்.

அந்தத் தரவை வாங்கித் தரும் சர்வரின் பதிவேட்டில் தேடினாள். இணைப்பு மூடியது புதன்கிழமை, காலை ஆறு பத்து.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருந்தது. அவரை அழைத்தாள்.

"அக்கா, அப்பா போன எடுக்கல. கொஞ்சம் பாருங்களேன்."

"நாலு நாளா ஆளையே காணோமேம்மா. உன்கிட்ட வந்துட்டார்னுல்ல நெனச்சேன்!"

போனில் செருப்புச் சத்தம். பூட்டு. கதவு.

"ஐயோ!"

"அக்கா?"

"வாடை தாங்கலம்மா... கட்டில்லயே... நீ மொதல்ல ஒக்காரு."

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுகை வரவில்லை. அந்த எண்ணைப் பார்க்கச் சகிக்காமல் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி எறிந்தாள்.

"நான் வெளிய வந்துட்டேம்மா. கதவ சாத்திட்டேன்."

கேபிள் தரையில் கிடக்க, திரையில் எழுபத்து மூன்று.

எண்பது.

நூற்றுப் பத்து.

நூற்று நாற்பது. பயந்துபோன மனுஷனின் துடிப்பு.